யாரும் எதுவும் கேட்காத இடம்

வார்டு வேலையில் ஆளைச் சோர்வாக்குவது சத்தம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சத்தம் பழகிவிடும். மானிட்டர் அடித்துக்கொண்டே இருக்கும், ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடும், யாராவது இருமுவார்கள். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே காது அதையெல்லாம் ஓரமாக ஒதுக்கி வைத்துவிடும். பழகாதது கேள்வி. "சிஸ்டரம்மா, டாக்டர் எப்போ வருவாரு?" "சிஸ்டரம்மா, சலைன் தீர்ந்துபோச்சு." "சிஸ்டர், மூணாம் பெட் பொட்டாசியம் ரிப்போர்ட் வந்துச்சா?" "ஏம்மா, எங்கப்பா பொழச்சுக்குவாரா?" இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. மருந்துச் சீட்டை வாங்கும்போது, சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு ட்யூட்டியில் ஏறினால் காலை எட்டு வரை நர்ஸ் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மானிட்டரின் அலாரமும் ஒரு கேள்விதான். பார்த்தாயா, பார்த்தாயா என்று அது விடாமல் கேட்கும்.

அதனால், ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் என் மனசில் வருவது யாரும் எதுவும் கேட்காத இடம். அங்கே சத்தம் இருந்தாலும் பரவாயில்லை. அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. பத்து நிமிஷம் பதில் சொல்லாமல் இருக்க முடிந்தால் போதும்.

*

திருப்பதியில் அலிபிரி ரோட்டில் மலையைப் பார்த்தபடி நடந்தால் வரிசையாக ஆஸ்பத்திரிகள். எஸ்.வி. மருத்துவக் கல்லூரி 1960-ல் வந்தது, ரூயா 1962-ல். ஸ்விம்ஸ் 1993-ல் திறந்தது. கை கால் முடங்கியவர்களுக்காகத் தேவஸ்தானம் நடத்தும் பர்ட் இருக்கிறது. குழந்தைகளின் இருதய ஆஸ்பத்திரி 2021-ல் வந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் சேஷாசலம். நான் வேலை பார்ப்பது இந்த ஊரில்தான். எந்தக் கட்டடம் என்பது இங்கே வேண்டாம்.

மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளில் இல்லாத ஒரு வகை நோயாளி எங்களுக்கு உண்டு. சாமி கும்பிட வந்த இடத்தில் விழுந்தவர்கள். அலிபிரியிலிருந்து மேலே 3,550 படி. வேண்டுதல் என்று சொல்லிச் சர்க்கரைக்காரரும் ஏறுவார், இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரும் ஏறுவார். நடுவழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் தூக்கி வருவார்கள். முடி இறக்கிவிட்டுத் தரிசனமும் முடித்து, ரயிலுக்குக் கிளம்பும்போது மயங்கியவரைக் கூட்டி வருவார்கள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து, வெடிப்பு விட்டு, தலையணை உறையில் மஞ்சள் பொடியாக உதிர்ந்திருக்கும். ஈசிஜி லீடு ஒட்டும்போது மார்பில் துளசி இலை ஒன்று வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் லட்டுக் கவர் இருக்கும். ஊரில் பங்கிட்டுக் கொடுக்க வாங்கியது. நாள் ஆக ஆக நெய் கசிந்து கவர் பளபளக்கும். யாருக்கும் அதைத் தொட மனசு வராது.

கூட வந்தவர்களுக்கு இந்த ஊர் தெரியாது, பாஷை தெரியாது. கையில் இருப்பது திரும்பிப் போகும் டிக்கெட்டும் கொஞ்சம் பணமும். திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரி என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கேஸ் ஷீட்டைப் பார்த்து மலைத்து நிற்கும்போது நான் தமிழில் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். "நீங்க தமிழாம்மா?" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். சித்தூர்க்காரர்களுக்கு இரண்டும் வரும். 1911-ல் வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் இருந்து வெட்டிச் சேர்த்த மாவட்டம் சித்தூர். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது. எங்கள் குடும்பம் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு.

அது வார்டில் பெரிய உபகாரம். அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. தெலுங்கில் கேட்கிற கேள்விக்கு நான் நர்ஸாகப் பதில் சொல்லிவிடுவேன். தமிழில் கேட்டால் அது எங்கள் சித்தி கேட்கிற மாதிரி உள்ளே இறங்கிவிடும். ஐசியு வாசலில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் என் ஒருத்தியைத்தான் தேடும். டாக்டர் சொன்னதையே நான் மறுபடியும் சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து வந்தால் அது கொஞ்சம் நல்லதாக மாறிவிடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. டாக்டர் "க்ரிட்டிகல்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதைத் தமிழில் ஒரு அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் முகத்துக்கு எதிரிலேயே நின்று அடுத்த மருந்தை லோடு செய்ய வேண்டியவள் நான்.

*

கபில தீர்த்தம் ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆட்டோவில் சில நிமிஷம். பெருமாள் ஊரில் மலையடிவாரத்துச் சிவன் கோயில். வைஷ்ணவர்கள் அந்தக் குளத்தை ஆழ்வார் தீர்த்தம் என்பார்கள். வருஷத்தில் பாதி நாள் பாறை வெறுமையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலை நிரம்பியதும் அருவி குளத்துக்குள் நேராக விழும். சுற்றிலும் கல் மண்டபங்கள். மழை நாளில் படிக்கட்டில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. 2021 நவம்பரில் அது அருவியாக இல்லை. காட்டாறாக இறங்கியது. மண்டபம் சேதமானது, மலைப்பாதைகளை மூடினார்கள். ஊரே அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

நைட் ட்யூட்டி முடிந்து அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். யூனிஃபார்முக்கு மேல் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கண்டுபிடித்தால் ஏதாவது மாத்திரை பற்றிக் கேட்பார்கள். வார்டில் இருக்கும் சத்தத்தைவிட அருவியின் சத்தம் பல மடங்கு. ஆனாலும் காது சாவகாசமாக இருக்கும். தண்ணீர் விழுகிறது, அதற்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. குறிக்க வேண்டியதில்லை, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

ஆனால் அது எப்போதாவது கிடைப்பது. காலை எட்டு மணிக்கு மேல் ஒரு பெண்ணுக்கு வீடு ஆரம்பமாகிறது. ஸ்கூல் வேன், டிபன் டப்பா, மாமியாரின் பிபி மாத்திரை. எனக்கு ஒதுங்க இடம் வேண்டியிருந்தது காலை எட்டரைக்கு இல்லை. ராத்திரி மூன்றரைக்கு. உடம்புச் சூடு இறங்கி, கண் எரிந்து, கூட்டல் கணக்குக்கூட இரண்டு தரம் போட வேண்டியிருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் மலை இருட்டில் இருக்கும். படிக்கட்டு விளக்குகள் மட்டும் கோடாகத் தெரியும். பார்க்கலாம், போக முடியாது.

*

எனக்குக் கிடைத்த இடம் லினன் ரூம்.

வார்டின் கடைசியில், பெட்பேன் கழுவும் ஸ்லூயிஸ் ரூமுக்கு எதிரில், ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்க இரும்பு ராக். பெட்ஷீட், டிரா ஷீட், தலையணை உறை, கீழ்த்தட்டில் மேக்கின்டாஷ். ஸ்டெரிலைஸ் செய்யும் சிஎஸ்எஸ்டியிலிருந்து டிரெஸ்ஸிங் பண்டில்கள் பச்சைத் துணியில் கட்டி வரும். மேலே ஒட்டியிருக்கும் டேப்பின் வெளிர் கோடுகள் ஆட்டோகிளேவ் சூட்டில் கருத்திருக்கும்; கருத்திருந்தால்தான் வாங்கி அடுக்குவோம். அடுக்கும்போது சூடு இன்னும் போயிருக்காது. அறை முழுக்க வெந்த துணி வாசம். டெட்டால் வாசம் ஏறாத ஒரே இடம் வார்டில் அதுதான்.

கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் துணி மூட்டை மேல் உட்காருவேன். முழுக்கச் சாத்த மாட்டேன். மானிட்டர் சத்தம் தூரத்தில் கேட்க வேண்டும். அது கேட்காமல் போனால் மனசு பதற ஆரம்பித்துவிடும், பத்து நிமிஷமும் வீணாகிவிடும். ஆஸ்பத்திரியில் ஒதுங்குகிற இடம் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் யாரும் சும்மா கூப்பிடக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்த இடம் சுலபத்தில் அமையாது.

அங்கே எனக்கு முன்னாலேயே ஆயாம்மா உட்கார்ந்திருப்பார். முட்டிக்கு ஏதோ ஆயின்ட்மென்ட் தேய்த்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் நீட்டிய காலை மடக்கிக்கொள்வார், அவ்வளவுதான். என்ன ஆச்சு, யார் போயிட்டாங்க, கண்ணு ஏன் சிவந்திருக்கு என்று எதுவும் கேட்டதில்லை. முதலில் எனக்கு அது கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. பிறகு புரிந்தது. அவரையும் ராத்திரி முழுக்க எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெட்பேன் கேட்பவர்கள், துடைக்கச் சொல்பவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளச் சொல்பவர்கள். எனக்கு வருவது கேள்வி, அவருக்கு வருவது ஏவல்.

தியானம் என்று நான் அங்கே எதுவும் செய்ததில்லை. மூச்சை எண்ணினால் ரெஸ்பிரேட்டரி ரேட் ஞாபகம் வருகிறது. கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கிளவுஸ் கழற்றிய விரல் நுனிகள் வெளுத்து, சுருக்கம் விழுந்து, ஸ்பிரிட் பட்டுப் பட்டு நகக்கண் உரிந்திருக்கும். உள்ளங்கை ரேகைகளில் வெள்ளைப் பவுடர் கோடு கோடாக நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் விரல்களுக்கு ரத்தம் திரும்புவது தெரியும். வெளுப்பு போய் ரோஸ் நிறம் ஏறும். அது போதுமானதாக இருந்தது. எழுந்து போய்விடுவேன்.

*

ஓய்வையே மருந்தாகக் கொடுத்த ஆஸ்பத்திரி ஒன்று எங்கள் மாவட்டத்தில் இருந்தது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம். 2022-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது அந்த ஊர் அன்னமய்யா மாவட்டத்துக்குப் போய்விட்டது. என் வாயில் இன்னும் சித்தூர் ஜில்லா மதனப்பள்ளி என்றுதான் வரும். டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமாட் மொல்லர் பல மிஷன்களைச் சேர்த்து அங்கே ஒரு காசநோய் சானடோரியத்தைக் கட்டினார். 1915-ல் நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம். காய்ந்த காற்று, குளிர்ந்த ராத்திரி. நர்சிங் படிக்கும்போது ஒரு நாள் எங்களை அங்கே கூட்டிப் போனார்கள். மரங்களும் கட்டடங்களுக்கு நடுவே விட்டிருந்த தூரமும்தான் நினைவில் நின்றன. எந்தச் சுவரும் இன்னொரு சுவரை இடிக்கவில்லை.

காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம் அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை, ஓய்வு. உலகம் முழுக்க அதுதான் வைத்தியம். மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் படுத்திருப்பார்கள். வீடு, வயல், பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம். 1948-ல் இந்தியாவில் பிசிஜி தடுப்பூசி மதனப்பள்ளியில்தான் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த டாக்டர் பி.வி. பெஞ்சமின் பின்னால் இந்திய அரசுக்கே காசநோய் ஆலோசகர் ஆனார். அவ்வளவு பெரிய இடம்.

பிறகு 1956-ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. 193 நோயாளிகள். எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். பாதிப் பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும். மீதிப் பேர் சென்னையில் அவரவர் வீட்டில், நெருக்கடியில், குறைந்த சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் நோயாளி இருந்ததால் மற்றவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. குணமாக்கியது மருந்து. காற்றும் படுக்கையும் இல்லாமலே அது வேலை செய்தது. உலகத்தில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு நம் ஊர் ஏழைகளிடம் நடந்த அந்த ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமைதான். ஒரு கூலிக்காரர் வருஷக்கணக்கில் மலையடியில் படுத்திருக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே குணமாகலாம் என்றால் அதைவிட நல்ல சேதி என்ன இருக்கிறது. ஆனால் அதோடு வேறொன்றும் போய்விட்டது. ஓய்வை மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்தபோது கட்டட வரைபடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். தாழ்வாரம் போனது, மரத்தடி பெஞ்சு போனது. இருக்கிற ஒவ்வொரு சதுர அடியிலும் இன்னொரு கட்டில் போடலாம் என்று ஆனது. கட்டில் வேண்டும்தான். கட்டில் இல்லாமல் தரையில் பாய் விரித்துப் படுத்த நோயாளிக்கு முட்டி போட்டு ஊசி போட்டவள் நான், அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்தக் காலத்துச் சானடோரியத்தின் தாழ்வாரத்தில் நோயாளி மட்டும் உட்காரவில்லை. ரவுண்ட்ஸ் முடித்த நர்ஸும் உட்கார்ந்திருப்பாள்.

*

ஓய்வுக்கும் பதவி உண்டு.

மதனப்பள்ளிக்கு மேலே ஹார்ஸ்லி ஹில்ஸ். சுமார் 1,265 மீட்டர் உயரம். 1870 வாக்கில் கடப்பைக் கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி வெயிலுக்கு ஒதுங்க அங்கே பங்களா கட்டினார், மலைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. கலெக்டருக்கு ஒரு மலை கிடைத்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டருக்கு ஏசி ரூம். பிஜி டாக்டர்களுக்கு ட்யூட்டி ரூம், நாலு பேருக்கு இரண்டு கட்டில், பூட்டு சரியாக விழாது. நர்ஸுகளுக்கு டிரெஸ் மாற்றும் அறையும் ஒரு லாக்கரும். ஆயாக்களுக்கு மாடிப்படிக்கு அடியில் சாய்வாக இருக்கும் இடம், அங்கே நிமிர்ந்து உட்கார முடியாது. துப்புரவு வேலை செய்பவர்களுக்கு அதுவும் இல்லை. லிஃப்டுக்குப் பின்னால் அட்டைப் பெட்டியை விரித்துக்கொள்வார்கள்.

கொல்கத்தாவில் 2024 ஆகஸ்ட் 9 அன்று நடந்ததைத் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் எல்லோரும் படித்தோம். நெடுநேர ட்யூட்டிக்கு நடுவில் படுக்க ஒரு இடம் தேடி செமினார் ஹாலுக்குப் போன பெண் டாக்டர். அங்கேயே அவருக்கு நேர்ந்த கொடுமையும் சாவும். அன்று எங்கள் வார்டில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் தான் தூங்கிய இடங்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்திருப்பாள். சுப்ரீம் கோர்ட் அந்த மாதம் 20-ம் தேதி ஒரு தேசியக் குழுவை அமைத்தபோது, இரவு வேலையில் இருப்பவர்களுக்கு ஓய்வு எடுக்கப் போதிய இடம் இல்லை, 36 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்கிறார்கள் என்று எழுதியது. பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய அரசின் உத்தரவு இருக்கிறது. அந்த உத்தரவு இருப்பதே பல பயிற்சி டாக்டர்களுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து, ஒதுங்கும் இடம் என்பதை நான் மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நினைப்பதில்லை. கதவு, தாழ்ப்பாள், விளக்கு, வராண்டாவில் ஒரு காவல் ஆள். இவையெல்லாம் இருந்தால்தான் ஒரு பெண் ராத்திரி மூன்றரைக்குக் கண்ணை மூட முடியும்.

*

சித்தூரிலிருந்து வேலூர் பக்கம்தான். அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் பழைய வளாகத்துக்கு நடுவில் ஒரு சேப்பல் இருக்கிறது. எங்கள் பெரியம்மாவை அங்கே காட்டப் போனபோது, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் உள்ளே போய் உட்கார்ந்தேன். நெற்றியில் விபூதியோடு ஒருவர், பர்தா போட்ட ஒரு அம்மா, ஐடி கார்டு தொங்கும் ஒரு டெக்னீஷியன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு அங்கே வேலையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கொடைக்கானலில் தனக்கென ஒரு வீடு வைத்திருந்தார், கடைசியில் 1960-ல் அங்கேதான் இறந்தார். அந்த அம்மா செய்த வேலைக்கு ஒரு மலை கிடைத்தது நியாயம்தான். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது ஆஸ்பத்திரிக்கு நடுவிலேயே விட்டுவைத்த அந்த ஒரு கூடம்தான். அந்த இடத்தின் விலைக்கு இன்னொரு ஸ்கேன் சென்டர் வைத்திருக்கலாம். யாரும் வைக்கவில்லை.

*

ஐசியுவில் ஒருவர் இறந்தால் வேலை அதிகம். ட்யூபை எடுக்க வேண்டும், கேனுலாவை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும், பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடத்து அழுக்கை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். தாடையைக் கட்டி, கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டி, கையை நேராக்கி, பெயர்ச் சீட்டு ஒட்டி, வெள்ளைத் துணியில் சுற்ற வேண்டும். அதற்குள் கேஷுவாலிட்டியிலிருந்து போன் வந்துவிடும்: பெட் காலியா?

எனக்கு மூத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். அவரிடம் ஒரு வழக்கம். டாக்டர் நேரம் அறிவித்ததும் அக்கா முதலில் மானிட்டரை அணைப்பார். நேர்கோடு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்காது. பிறகு கட்டில் கம்பியில் கை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். வாய் அசையாது. எதையும் கேட்க அருகில் போனால் இன்னொரு கையால் நில் என்று காட்டுவார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பிறகு "வா, ட்யூபை எடு" என்பார். வெளியே போய்க் குடும்பத்தைக் கூப்பிடும்போது அவர் குரல் நிதானமாக இருக்கும்.

அமெரிக்காவில், வர்ஜீனியாவில், ஜொனாதன் பார்ட்டல்ஸ் என்ற அவசர சிகிச்சை நர்ஸ் இதையே ஒரு முறையாக ஆக்கியிருக்கிறார் என்று பின்னால் படித்தேன். இறந்தவருக்காகவும் அவரைக் காப்பாற்ற முயன்றவர்களுக்காகவும், சுற்றி நிற்கும் எல்லோரும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம் மௌனமாக நிற்பது. எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை. அங்கிருந்து பல நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பரவியிருக்கிறது. அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. யாரும் கற்றுக்கொடுக்காமலே செய்தார். அந்த ஒரு நிமிஷத்தில் கட்டிலைச் சுற்றி இருக்கும் இடமே எங்களுக்கு ஒதுங்கும் இடமாக இருந்தது. வேறெங்கும் போக நேரம் இல்லாதபோது, நிற்கிற இடத்திலேயே அதை உண்டாக்கிவிட முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். அவர் ரிட்டையர் ஆன பிறகு இப்போது நான் கம்பியில் கை வைக்கிறேன். புதிதாக வந்த பெண்கள் முதலில் தயங்கி நின்றார்கள். இப்போது அவர்களும் வந்து பக்கத்தில் நிற்கிறார்கள்.

*

லினன் ரூம் போய்விட்டது. தொற்றுத் தடுப்பு ஆய்வுக்கு வந்தவர்கள் சுத்தம் செய்த துணி வைக்கும் இடத்தில் ஆட்கள் உட்காரக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னது சரி. அறுவை முடிந்தவரின் புண்ணில் வைக்கும் துணி அது. அறையைப் பூட்டிச் சாவியை இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுத்தார்கள்.

அப்போதுதான் ஒரு அறை வேண்டும் என்று எல்லோருமாக எழுதிக் கொடுத்தோம். எதற்கு என்று கேட்டார்கள். உட்கார என்றோம். நர்ஸிங் ஸ்டேஷனில் நாற்காலி இருக்கிறதே என்றார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வார்டு முழுக்க எங்கள் முகத்தைப் பார்க்கும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பல மாதம் இழுத்தது. கடைசியில் காரிடார் முனையில், உடைந்த வீல்சேர்களும் சலைன் ஸ்டாண்டுகளும் கிடந்த ஒரு சின்ன ஸ்டோர் கிடைத்தது. ஜன்னலில் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேலே கையகலத்துக்கு மலை. நாங்களே கழுவினோம். யாரோ வீட்டிலிருந்து பாய் கொண்டுவந்தார்கள், யாரோ ஒரு ஈஸி சேர். தாழ்ப்பாளை மட்டும் நாங்கள் பணம் போட்டுப் புதிதாக வைத்தோம்.

என்ன விதி வைப்பது என்று பேசினோம். போன் உள்ளே கூடாது. பேச்சு கூடாது. பத்து நிமிஷம். உள்ளே இருப்பவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. கோட் ப்ளூ என்றால் மட்டும் கதவைத் தட்டலாம். இதிலெல்லாம் வாக்குவாதம் இல்லை. ஆயாம்மாவும் துப்புரவு வேலை செய்பவர்களும் அதே அறையைப் பயன்படுத்தலாமா என்பதில்தான் வந்தது. சுத்தம், தொற்று என்று ஏதேதோ காரணம் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் கழுவிய தரையில்தானே நாம் பாய் விரிக்கிறோம், அவர்கள் துவைத்த விரிப்பில்தானே படுக்கிறோம் என்று கேட்டேன். சிலர் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சாவி இப்போது யாருடைய பையிலும் இல்லை. நர்ஸிங் ஸ்டேஷன் சுவரில் ஆணியில் தொங்குகிறது. எடுப்பவர் பெயர் எழுத வேண்டியதில்லை.

ஆயாம்மா முதல் வாரம் அங்கே போகவில்லை. படிக்கட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு ராத்திரி நான் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்து, நீங்க போங்கம்மா, நான் பாத்துக்கறேன் என்றேன். போய்விட்டு வந்து, உள்ளே காற்றே இல்லை, ஃபேன் ஒன்று போட்டால் நன்றாக இருக்கும் என்றார். பங்குனி பிறந்தாகிவிட்டது, அந்த அறையின் சுவர் மேற்கு வெயில் முழுவதையும் வாங்கும். இன்டென்ட் போட்டிருக்கிறோம்.